முதலில் தராசு, பிறகு உரத்தொட்டி

நான் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையில் சுற்றுச்சூழல் பகுதியை எழுதும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. அப்போது நான் எழுதிய ஒரு வாக்கியம் இன்றும் என்னை உறுத்துகிறது: "விடுதி உணவுக்கூடங்களிலிருந்து பெறப்பட்டு மட்கு உரமாக்கப்பட்ட உணவுக் கழிவின் அளவு சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு உயர்ந்துள்ளது." அதைச் சாதனைகளின் வரிசையில் வைத்திருந்தேன். குழுவில் எவரும் மறுக்கவில்லை, பாராட்டவும் செய்தார்கள். சாப்பிடுவோரின் எண்ணிக்கை ஏறத்தாழ அப்படியே இருக்க, உரத்தொட்டிக்குப் போன கழிவு மட்டும் கூடியிருக்கிறது என்றால், முந்தைய ஆண்டைவிட அதிகமாகச் சமைத்து அதிகமாகக் கொட்டியிருக்கிறோம் என்றுதானே பொருள்? இந்தச் சின்னக் கணக்கு எனக்கு உறைக்க மேலும் ஓராண்டு ஆயிற்று.

மட்கு உரத்துக்கு எதிராக எழுதுகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தத் தொட்டிகளின் அருகில் நான் கழித்த மாலைகள் பல. அவற்றைப் பற்றியும் கீழே விரிவாக எழுதப் போகிறேன். ஆனால் உணவுக் கழிவைக் கையாள முனையும் வளாகங்கள் பெரும்பாலும் தொட்டியிலிருந்தே தொடங்குகின்றன. தொட்டி கண்ணுக்குத் தெரியும், திறப்புவிழா நடத்தலாம், பக்கத்தில் பலகை வைக்கலாம். சமையலறையில் அரை அண்டா குறைவாகச் சமைத்ததற்கு யாரும் பலகை வைப்பதில்லை. அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதே என் வாதம்.

இந்த ஐயம் எனக்கு மட்டும் வந்ததன்று. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அழைத்து வந்தவர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் முறையில் மதிய உணவு கொடுத்து, அவர்கள் தட்டில் விட்டுச் சென்றதை எடை போட்டார்கள். உணவு வீணாவதால் வரும் கேடுகளைப் படித்துவிட்டுச் சாப்பிட்டவர்கள் குறைவாக வீணாக்கினார்கள். அதையே படித்தவர்களிடம், மீதமாவது மட்கு உரமாகப் போகிறது என்ற செய்தியையும் சேர்த்துச் சொன்னபோது, படித்ததால் ஏற்பட்ட பலன் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தொட்டி இருக்கிறது என்ற நினைப்பே மனச்சாட்சியைத் தூங்க வைத்துவிடுகிறது. இதைப் படித்த அன்று எங்கள் உணவுக்கூடத்தின் வாசலில் நானே மாட்டச் சொன்ன அறிவிப்பு நினைவுக்கு வந்தது. "நீங்கள் விடும் ஒவ்வொரு கவளமும் நம் தோட்டத்துக்கு உரமாகிறது" என்று அதில் எழுதியிருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக அதைக் கழற்றச் சொன்னேன்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. நுகர்வோரைச் சென்றடைந்த உணவில் அது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. 28 விழுக்காடு உணவகம், விடுதி, கேன்டீன் போன்ற உணவுச் சேவை இடங்களில். பல்கலைக்கழக மெஸ் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஒரு கூடத்தில் வேளைக்கு ஆயிரம் பேர் சாப்பிடுகிறார்கள், ஒருவர் சராசரியாக 50 கிராம் மட்டும் தட்டில் விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கு 50 கிலோ, மூன்று வேளைக்கு 150 கிலோ, 200 நாள்களுக்கு 30 டன். அந்த 50 கிராம் என்பது இரண்டு கவளத்துக்கு மேல் இராது. அதை விட்டவர் எவருக்கும் தான் வீணாக்கியதாகவே தோன்றாது.

உணவு குப்பைமேட்டுக்குப் போனால் என்ன ஆகிறது என்பதும் பலருக்குத் தெளிவாக இல்லை. "மக்கும் பொருள்தானே, எங்கே கிடந்தால் என்ன?" என்று ஒரு பேராசிரியரே என்னிடம் கேட்டிருக்கிறார். மேலே குப்பை அழுத்த, காற்றுப் புகாத ஆழத்தில் கிடக்கும் உணவு மட்காமல் அழுகுகிறது. அப்போது மீத்தேன் வெளியாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன், ஒரு கிலோ கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கும் மேலாகப் புவியைச் சூடாக்குகிறது. உணவு விரைவில் அழுகுவதால், வாயுவைப் பிடிக்கும் குழாய்களைப் பதிக்கும் முன்பே அதன் மீத்தேனில் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-இல் கணக்கிட்டபோது, அந்நாட்டின் நகரக் குப்பைமேடுகளிலிருந்து பிடிபடாமல் கசியும் மீத்தேனில் 58 விழுக்காடு உணவுக் கழிவிலிருந்தே வருவதாகத் தெரிந்தது. அதே முகமை அதே ஆண்டில் வெளியிட்ட முன்னுரிமை வரிசையில், வீணாகாமல் தடுப்பதும் மீந்ததை மனிதர் உண்ணக் கொடுப்பதும் மேலே இருக்கின்றன. மட்கு உரம் அவற்றுக்குக் கீழேதான் வருகிறது. அடியில் இருப்பவை குப்பைமேடு, எரிப்பது, அரைத்துச் சாக்கடையில் விடுவது ஆகியவை.

ஆகவே தராசுக்கு வருகிறேன். எங்கள் வளாகத்தில் பலனளித்த முதல் வேலை, ஒரு மேடைத் தராசை வாங்கி மூன்று வாளிகளை வைத்ததுதான். முதல் வாளியில் காய்கறித் தோல், காம்பு, எலும்பு என உண்ண முடியாதவை. இரண்டாவதில் சமைத்து, பரிமாறப்படாமல் அண்டாவிலேயே மீந்தவை. மூன்றாவதில் தட்டில் விடப்பட்டவை. மூன்றையும் ஒரே பீப்பாயில் கொட்டும் வரை, "பிள்ளைகள் வீணாக்குகிறார்கள்" என்று சமையலறையும் "சாப்பாடு வாயில் வைக்கும்படி இல்லை" என்று மாணவர்களும் ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருக்கலாம். பிரித்து எடை போட்ட முதல் வாரத்திலேயே அந்த வழக்கு முடிவுக்கு வந்தது. எங்கள் கூடத்தில் மிகக் கனமான வாளி மாணவர்களுடைய தட்டுகளிலிருந்து வந்ததன்று. பரிமாறாமலே மீந்த இரண்டாவது வாளிதான். அதுவரை மாணவர்களுக்கு அறிவுரை சொல்லும் சுவரொட்டிகளுக்கே எங்கள் உழைப்பெல்லாம் போயிருந்தது.

ஏன் இவ்வளவு மீதம் என்று தலைமைச் சமையல்காரரிடம் கேட்டேன். கரண்டியைக் கழுவி மாட்டிக்கொண்டே பதில் சொன்னார்: "குறைஞ்சா வார்டன் என்னைக் கூப்பிட்டுக் கேப்பாரு சார். மிஞ்சினா யாரு கேக்கறாங்க?" இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எந்த ஆய்விலும் படித்ததில்லை. கடைசியாக வரும் மாணவருக்கு ஒரு பதார்த்தம் இல்லாமல் போனால் அன்று மாலையே புகார்க் கடிதம் வரும். நாற்பது கிலோ மீந்தால் அது இரவோடு இரவாகப் பின்வாசல் வழியே போய்விடும். தண்டனை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் எவரும் மறுபக்கம்தான் சாய்வார்கள். அதனால் நாங்கள் முதலில் மாற்றியது ஒரு விதியை. பரிமாறும் நேரத்தின் கடைசி இருபது நிமிடங்களில் ஏதேனும் ஒரு பதார்த்தம் தீர்ந்துபோனால் அது குற்றமாகாது, விரைவில் செய்துவிடக்கூடிய ஒரு மாற்று உணவு மட்டும் தயாராக இருந்தால் போதும் என்று விடுதி நிர்வாகம் எழுத்தில் கொடுத்தது. சமையல்காரருக்கு அந்தக் காகிதம் வேண்டியிருந்தது. பிரதியெடுத்து அரிசி மூட்டைக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டார்.

அடுத்தது, மொத்தத்தையும் முன்கூட்டியே சமைத்து முடிக்கும் பழக்கம். பாதியை முதலில் ஏற்றி, வரிசையின் வேகத்தைப் பார்த்து மீதியைப் பகுதி பகுதியாக ஏற்றுவது சமையலறைக்குக் கூடுதல் வேலைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. பெரிய அண்டாக்களை விற்றுவிட்டுச் சிறியவை வாங்க வேண்டியிருந்தது, மதிய வேலை நேரத்தைச் சற்று நகர்த்த வேண்டியிருந்தது. பலன் இரண்டு பக்கமும் இருந்தது: தாமதமாக வருபவருக்கும் சூடான உணவு கிடைத்தது, மீதமானது பெரும்பாலும் சமைக்கப்படாத பொருளாகவே இருந்ததால் மறுநாளுக்குப் பயன்பட்டது. நறுக்காத காய்க்கு நாளை உண்டு, வெந்த காய்க்கு இல்லை.

எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் நாள்காட்டி விசித்திரமானது. தேர்வுக்கு முந்திய வாரம் அனைவரும் கூடத்தில் இருப்பார்கள். தேர்வு முடிந்த மாலை பாதிப் பேரைக் காணோம். நீண்ட விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை மதியம் நடப்பது எவருக்கும் தெரியும், ஆனால் பொருள் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் தெரியாது. அது எல்லா வெள்ளிக்கிழமைக்கும் ஒரே அளவைத்தான் எழுதி வைத்திருக்கும். நாங்கள் செய்தது பெரிய தொழில்நுட்பம் எதுவுமில்லை. சாப்பிட வராதவர் முந்தைய இரவுக்குள் தெரிவித்துவிட்டால் அந்த வேளையின் கட்டணத்தில் ஒரு பகுதி அவர் கணக்கில் திரும்பும் என்ற ஏற்பாடு மட்டும். கட்டணம் திரும்பாத காலத்தில் எவரும் தெரிவிக்கவில்லை. திரும்பத் தொடங்கியதும் சமையலறைக்கு ஓர் எண் கிடைத்தது. அந்த எண் அரைகுறையானதுதான். ஆனால் அதற்கு முன்பு எண்ணே இல்லை.

தட்டில் விடப்படுவதைப் பற்றி நல்ல சான்றுகள் இருக்கின்றன. தட்டுகளை வைத்து ஏந்திச் செல்லும் பெரிய தட்டங்களை (டிரே) எடுத்துவிட்டால் மக்கள் கையில் பிடிக்க முடிந்ததை மட்டுமே எடுக்கிறார்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் தட்டம் உள்ள நாள்களையும் இல்லாத நாள்களையும் ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வில், தட்டம் இல்லாத நாள்களில் உணவுக் கழிவு 32 விழுக்காடும் பாத்திரப் பயன்பாடு 27 விழுக்காடும் குறைந்திருந்தன. நார்வே நாட்டு உணவு விடுதிகளில் நடந்து 2013-இல் வெளியான இன்னொரு சோதனையில், தட்டின் விட்டத்தைக் குறைத்த இடங்களிலும், மறுபடியும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நட்பாக எழுதி வைத்த இடங்களிலும் கழிவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. இந்த இரண்டாவது செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. "வீணாக்காதே" என்று அதட்டாமல், "இன்னொரு முறை வாருங்கள்" என்று அழைக்கிறது. மீண்டும் கிடைக்காதோ என்ற அச்சத்தில்தான் பலர் தட்டை நிரப்புகிறார்கள். அந்த அச்சம் போனால் தட்டும் மெலிகிறது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில் எளிய எழுத்து அறிவிப்பு ஒன்றே தட்டுக் கழிவை 15 விழுக்காடு குறைத்தது என்பதால், சுவரொட்டிகளை நான் முற்றாக ஒதுக்கவும் மாட்டேன். ஆனால் சுவரொட்டியோடு நின்றுவிடும் வளாகங்களைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

தட்டு வாளியை எடை போட்டதால் நான் எதிர்பாராத ஒரு பயனும் விளைந்தது. எந்த நாளில் எந்தப் பதார்த்தம் அதிகமாகத் திரும்பி வருகிறது என்பது தெரிந்துவிட்டது. ஒரு குறிப்பிட்ட காய்க் கூட்டு, வாரந்தோறும் அதே நாளில், ஏறத்தாழ எடுத்தபடியே வாளிக்கு வந்துகொண்டிருந்தது. மாணவர்கள் பல ஆண்டுகளாக அதைப் பற்றிப் புகார்ப் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள், எவரும் படிக்கவில்லை. வாளி எழுதிய புகாரை மட்டும் எல்லோரும் படித்தார்கள், ஏனெனில் அது கிலோவில் இருந்தது. அந்தக் கூட்டுப் பட்டியலிலிருந்து போய்விட்டது. மாணவர்களின் நாக்கு நீண்டுவிட்டது என்று நொந்துகொள்வதைவிட, வேகாத காயை வேக வைப்பது எளிது.

மீந்த நல்ல உணவைப் பசித்தவருக்குக் கொடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். அது நற்செயல், ஆனால் கடிகாரத்தோடு பந்தயம். சமைத்த உணவை 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 பாகைக்குக் கீழ் குளிராகவோ வைக்க வேண்டும், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மூடியுள்ள பாத்திரம், வெப்பமானி, வண்டி, பெற்றுக்கொள்ள ஒரு கை, இவை நான்கும் முன்னதாகவே தயாராக இருந்தால்தான் இது நடக்கும். மீந்த பிறகு தொலைபேசியை எடுத்தால் நடக்காது. மேரிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்கள் 2011-இல் தொடங்கிய உணவு மீட்பு வலையமைப்பு பின்னர் பல வளாகங்களுக்குப் பரவியதற்கு, இந்த ஏற்பாட்டை அன்றாடப் பணியாக மாற்றியதே காரணம் என்று நினைக்கிறேன். தட்டிலிருந்து திரும்பியது இந்தக் கணக்கில் சேராது.

இத்தனைக்குப் பிறகும் தோல் இருக்கிறது, காம்பு இருக்கிறது, தட்டில் மிச்சம் இருக்கிறது. இவைதான் உரத்தொட்டிக்குரியவை. இங்கே கொஞ்சம் நின்று எழுத விரும்புகிறேன்.

உணவுக் கழிவு தனியாக மட்காது, அழுகும். அதில் ஈரம் 70 முதல் 80 விழுக்காடு வரை இருக்கிறது, தழைச்சத்தும், அதாவது நைட்ரஜனும், அதிகம். நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்ய, ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பனும், மொத்த எடையில் 50 முதல் 60 விழுக்காடு ஈரமும், குவியலின் உள்ளே வரை காற்றும் வேண்டும். இம்மூன்றையும் கொண்டு வருவது காய்ந்த சருகு. கன அளவில் ஒரு வாளி உணவுக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று வாளி சருகு என்பது நடைமுறையில் நன்றாகவே ஒத்துவரும். அதனுடன் கைவிரல் பருமனில் நறுக்கிய சுள்ளிகளும் கலந்தால் குவியல் அமிழ்ந்துபோகாமல் காற்று உள்ளே போகும். ஈரம் சரிதானா என்று அறியக் கருவி தேவையில்லை. ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால், விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் எட்டிப் பார்க்க வேண்டும். வழிந்தால் சருகு போதவில்லை. கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை.

குவியல் ஒரு கன மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் அது தன் சூட்டைத் தானே தக்க வைத்துக்கொள்ளும். முதன்முதலில் நீண்ட தண்டுள்ள வெப்பமானியைக் குவியலின் நடுவே செருகி, இரண்டே நாளில் முள் 60 பாகையைத் தாண்டியதைப் பார்த்தபோது அது பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன். மண்வாரியால் மேல்பகுதியை விலக்கியதும் விடியற்காலைக் குளிரில் ஆவி குபுகுபுவென்று எழுந்தது. கையை ஒரு சாண் ஆழத்துக்கு மேல் வைக்க முடியவில்லை. வெளியிலிருந்து ஒரு சுள்ளித் தீயும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று மூச்சு விடுவதால் வரும் சூடு அது. நோய்க்கிருமிகளும் களை விதைகளும் இந்தச் சூட்டில்தான் மடிகின்றன. மூடிய கலனில் மூன்று நாள்களும், திறந்த வரிசைக் குவியலில் ஐந்து முறை புரட்டிப் போட்டபடி பதினைந்து நாள்களும் 55 பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அமெரிக்க விதிகள் வகுத்திருக்கின்றன. சூடு தணிந்த பின் குறைந்தது ஒரு மாதமாவது கிடந்து முதிர வேண்டும். அவசரப்பட்டு எடுத்துச் செடிக்குப் போட்டால், பாதி மட்கிய பொருள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே இழுத்துக்கொண்டு செடியை வெளிறச் செய்துவிடும்.

நாற்றத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சரியாக நடக்கும் குவியல் மழை பெய்த மண்ணைப் போல மணக்கும். மூக்கை அரிக்கும் காரமான நெடி வந்தால் தழைச்சத்து மிஞ்சிவிட்டது; புளித்த வாடையோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் காற்று போதவில்லை. இரண்டுக்குமே மருந்து பெரும்பாலும் சருகும் மண்வாரியும்தான். எங்கள் வளாகத்தில் ஒரு முறை இது பெரிய விவகாரமாகவே ஆயிற்று. ஏதோ ஒரு விழாவுக்காக வளாகத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று, பருவம் முழுவதும் சேர்த்து வைத்திருந்த சருகு மூட்டைகளை யாரோ லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் விடுதிகள் திறந்தன, வாளிகள் நிரம்பின, போட்டு மூடச் சருகு இல்லை. இரண்டு நாள் மழையும் சேர்ந்துகொண்டது. நான்காம் நாள் காலை, விடுதியின் மேல்மாடி வரை வீச்சம் எட்டியது. ஈக்கள் கூட்டமாக வந்தன. தொட்டிகளை இடித்துவிட வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் தொடங்கியது. பக்கத்து மரப்பட்டறையிலிருந்து மரத்தூளை வாங்கி வந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் புரட்டினோம். மரங்கள் சருகை ஒரே பருவத்தில் கொட்டிவிடும். சமையலறையோ நாள்தோறும் கொட்டும். ஆகவே உரத்தொட்டி கட்டும் முன் சருகுக்குக் கூரையுள்ள கிடங்கு கட்ட வேண்டும் என்பதை அந்த வாரம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கிடங்கின் கதவில் பூட்டும் வேண்டும்.

வேறொரு தவறைப் பணம் கொடுத்து வாங்கினோம். இருபத்து நான்கு மணி நேரத்தில் உரம் தரும் இயந்திரம் என்று ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார்கள். உள்ளே போட்டது மறுநாள் பழுப்புப் பொடியாக வெளியே வந்தது. எடை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். உணவில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதை அந்த நேரத்தில் எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த இயந்திரம் மின்சாரத்தைச் செலவழித்துத் தண்ணீரை ஆவியாக்கியது, அவ்வளவே. பொடியைத் தொட்டியிலிட்டு நீர் ஊற்றியதும் இரண்டு நாளில் வெள்ளைப் பூஞ்சை பூத்தது; அதில் ஊன்றிய விதைகள் முளைக்காமல் அழுகின. அது மட்கு உரமன்று, உலர்ந்த சோறு. அதன் பிறகு எந்த உரத்தையும் தோட்டத்துக்கு அனுப்பும் முன், கைப்பிடி எடுத்து மண்ணோடு கலந்து அவரை விதைகள் சிலவற்றை ஊன்றிப் பார்க்கும் வழக்கம் வந்தது. ஒழுங்காக முளைத்து இலை சுருளாமல் நின்றால் அனுப்பலாம். சருகோடு களைக்கொல்லி எச்சம் வந்திருந்தாலும் அவரை காட்டிக்கொடுத்துவிடும்.

மட்கும் என்று அச்சிட்ட தட்டுகளும் கரண்டிகளும் தனிக் கதை. ஐரோப்பியத் தரமான ஈஎன் 13432, பன்னிரண்டு வாரத்தில் பொருளின் 90 விழுக்காடு 2 மில்லிமீட்டர் சல்லடையில் தங்காத அளவுக்குச் சிதைய வேண்டும் என்கிறது. ஆனால் அது சூடும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட பெரிய ஆலைகளை மனத்தில் வைத்து வகுத்த தரம். எங்கள் தொட்டிகளில் அந்தக் கரண்டிகள் சற்றே வளைந்து, மற்றபடி பிறந்த மேனியாகவே வெளியே வந்தன. பழங்களில் ஒட்டும் சின்னஞ்சிறு ஒட்டுவில்லைகளும் அப்படித்தான். எல்லாம் மட்கிக் கறுத்த பிறகு அவை மட்டும் பளிச்சென்று மின்னிக்கொண்டிருக்கும். எப்படியோ ஒரு சாவிக்கொத்தும் ஒரு முறை கிடைத்தது. கழுவிப் பயன்படுத்தும் பாத்திரம் இருக்கும் கூடத்தில் இந்தத் தொல்லைகளில் முக்கால் பங்கு இல்லை.

ஆண்டுக்குப் பல ஆயிரம் டன் கழிவு சேரும் இடங்களில் காற்றில்லாக் கலனில் செரிக்கவைத்து எரிவாயு எடுப்பது பொருத்தமாக இருக்கலாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆஷ்காஷ் வளாகம் 2011-இலும், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 2014-இலும் அத்தகைய ஆலைகளை இயக்கத் தொடங்கின. டேவிஸின் ஆலை அமைந்தது வளாகத்தின் பழைய குப்பைமேட்டிலேயே. ஆனால் பெரிய கலனுக்கு ஒரு குணம் உண்டு: அதற்கு நாள்தோறும் தீனி வேண்டும். கழிவைக் குறைப்பதே நோக்கம் என்ற வளாகம், கழிவு குறைந்தால் நட்டமடையும் இயந்திரத்தை வாங்கும் முன் ஒரு முறை யோசிக்கலாம்.

இவை எல்லாவற்றையும் யார் செய்வது என்பதில்தான் பெரும்பாலான வளாகத் திட்டங்கள் கவிழ்கின்றன. ஆர்வமுள்ள மாணவர் குழு ஒன்று தொடங்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடும். அடுத்த குழு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்ளும், அதே நாற்றத்தை மீண்டும் கிளப்பும். விடுமுறையில் குவியலைப் புரட்ட ஆள் இராது. எங்கள் தொட்டிகள் நிலைத்ததற்குக் காரணம், தோட்டப் பிரிவின் மூத்த ஊழியர் ஒருவருக்கு இது கூடுதல் சேவையாக இல்லாமல் அவருடைய வேலைப் பட்டியலிலேயே எழுதப்பட்டதுதான். அதற்குரிய ஊதியமும், கையுறையும், மழைக்குக் கூரையும் கிடைத்தன. மாணவர்களுக்குத் தராசைக் கொடுத்தோம். எடை போட்டு, எழுதி, கூடத்தின் பலகையில் நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் போடுவது அவர்கள் வேலை. அது புதியவர்கள் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக் கூடியது.

ஆண்டறிக்கையில் அந்த வாக்கியத்தை மாற்ற நான் பட்ட பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு வேளைக்கு ஒருவருக்கு எத்தனை கிராம் வீணாயிற்று என்ற ஒரே எண்ணைப் போட்டால் போதும் என்றேன். "உரத்தின் அளவு குறைந்துவிட்டதாகத் தெரியுமே, படிப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டார்கள். இரண்டு கூட்டங்களில் அதைப் பேசினோம். கடைசியில் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாயின. அடுத்த ஆண்டு, மூன்று தொட்டிகளில் ஒன்று பல மாதங்கள் நிரம்பவே இல்லை. வெளியிலிருந்து பார்வையாளர்கள் வரும் நாளன்று அது காலியாக இருந்தால் நன்றாக இராது என்று நிர்வாகத்திலிருந்து ஒருவர் சொல்லி அனுப்பினார். தோட்டப் பிரிவு மூத்தவர் சிரித்துக்கொண்டே, கிடங்கில் இடமில்லாமல் வெளியே கிடந்த சருகு மூட்டைகளை அந்தத் தொட்டியில் அடுக்கி, மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்.